வகுப்பறைச் செயலிகள்: நீண்ட நாள் பயன்படுத்திய ஓர் ஆசிரியரின் அனுபவம்

நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்ததிலிருந்து பல செயலிகளை வகுப்பில் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். பிள்ளை என்ன செய்கிறது என்று எனக்குக் காட்டும் கருவிகள் மட்டுமே நிலைத்தன. பிள்ளைகளுக்குப் படம் காட்டுவதோடு நின்றவை சில வாரங்களிலேயே அலுத்துவிட்டன.

நிலைத்தவற்றில் முதலிடம் ஃபெட்டுக்கு. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மெய்நிகர் ஆய்வகம் இது. இலவசம், ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். அதில் திரையிலேயே மின்சுற்று கட்டலாம். “பல்பை எரியவிடு” என்றால் எல்லாரும் செய்துவிடுகிறார்கள். அதனால் “ஒரு பல்பைக் கழற்றினாலும் மற்றது எரியணும்” என்று கேட்பேன். ஒவ்வொரு பல்புக்கும் தனிப் பாதை தரும் பக்க இணைப்பைப் புரிந்துகொண்டவர் யார், பக்கத்துத் திரையைப் பார்த்துச் செய்பவர் யார் என்பது அப்போது தெரிந்துவிடும். பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். வேண்டுமென்றே மூட்டிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். ஏன் பிடித்தது என்று சொல்லவைத்தால் குறுக்குச்சுற்று விளங்கிவிடும். ஆனால் நிஜக் கம்பியையும் பேட்டரியையும் கையில் கொடுக்காமல் அந்தப் பாடத்தை முடிக்க மாட்டேன். துருப்பிடித்த முனையும் தளர்ந்த இணைப்பும் அங்கேதான் வரும். பழுது கண்டுபிடிப்பதும் ஒரு திறன்தானே.

அடுத்தது பிளிக்கர்ஸ். ஆசிரியரிடம் ஒரு கைப்பேசி, பிள்ளைகளிடம் காகித அட்டைகள், அவ்வளவுதான். அட்டையின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுவே விடை, கைப்பேசியின் கேமரா அதைப் படித்துக்கொள்ளும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் திருப்புவது கடினம். கையே தூக்காத பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்பது எனக்கு இதில்தான் தெரிய வந்தது. பாதி வகுப்பு ஒரே தவறான விடையைக் காட்டினால் அப்போதே பாடத்தை வேறு வழியில் எடுக்கிறேன்.

விளக்கிச் சொல்லும் திறன் தெரிவு வினாக்களில் அகப்படாது. அதற்குக் கைப்பேசியின் குரல்பதிவே போதும். பருவத் தொடக்கத்தில் பேசியதையும் கடைசியில் பேசியதையும் போட்டுக்காட்டினால், மதிப்பெண் அட்டை சொல்லாததைப் பெற்றோர் காதால் கேட்கிறார்கள். அவர்கள் ஒப்புதல் இல்லாமல் பதிவதில்லை. கைப்பேசிக் குழுக்களில் பகிர்வதே இல்லை.

வேகத்துக்குப் புள்ளி தரும் வினாடி வினாச் செயலிகளை விட்டுவிட்டேன். நிதானமாக யோசிக்கிற பிள்ளை அதில் தோற்றுக்கொண்டே இருக்கிறது. திறன்வாரியாக எல்லாருக்கும் கட்டம் நிரப்பச் சொல்லும் பதிவேட்டுச் செயலி ஒன்று இன்னும் இருக்கிறது. ஒரு பாடவேளைக்கு ஐந்தாறு பேரை மட்டும் கவனித்துக் குறிப்பது என்று வைத்துக்கொண்ட பிறகுதான் என் கண் திரையை விட்டு வகுப்புக்குத் திரும்பியது.

டேப் (டேப்லெட்) குறைவு என்று தயங்க வேண்டாம். மூவருக்கு ஒன்று என்பதே எனக்குப் பிடித்த அளவு: ஒருவர் இயக்க, ஒருவர் அடுத்து என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல, ஒருவர் எழுத. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பொறுப்பை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் டேப் கடைசிவரை ஒரே கையில்தான் இருக்கும்.