நடிகையர் திலகம் மறுபடி பாத்தேன், அடுத்து யாருக்கு இப்படி ஒரு படம் வேணும்னு என் லிஸ்ட்டும் சேர்த்து

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்ட்டு முடிச்சதும் அம்மா "ஏதாவது பழைய படம் போடுடி"ன்னாங்க. பழைய படம் போட்டா பத்து நிமிஷத்துல குறட்டை வந்துடும்னு எனக்குத் தெரியும், அதனால பழைய படங்களைப் பத்தின புதுப்படமா இருக்கட்டும்னு நடிகையர் திலகம் போட்டேன். 2018ல தியேட்டர்ல பாத்தப்போ துப்பட்டாவால மூஞ்சியத் தொடச்சிக்கிட்டே வெளிய வந்தவ நான், அப்போ ரிவ்யூ எழுதியிருந்தா வெறும் அழுகாச்சியாத்தான் இருந்திருக்கும். இந்த தடவை ஒரே ஒரு இடத்துலதான் கண்ணு கலங்குச்சு, அதனால கொஞ்சம் நிதானமா எழுதறேன்.

பாக்காதவங்களுக்கு ஒரு வரி: பழைய நடிகை சாவித்திரியோட வாழ்க்கைக் கதை, தெலுங்குல மகாநடி, தமிழ்ல நடிகையர் திலகம், டைரக்டர் நாக் அஸ்வின், சாவித்திரியா கீர்த்தி சுரேஷ், ஜெமினி கணேசனா துல்கர் சல்மான், கிட்டத்தட்ட 3 மணி நேரம் ஓடும். கீர்த்திக்கு நேஷனல் அவார்டு வாங்கிக் குடுத்த படம்.

முதல்ல கீர்த்தி. இந்தப் பொண்ணு சாவித்திரியாவான்னு அப்போ சிரிச்சவங்கள்ல நானும் உண்டு, வாபஸ் வாங்கிக்கறேன். மாயாபஜார் பகுதி ஒண்ணு போதும். 1957ல வந்த அந்தப் படத்துல கடோத்கஜன் பொம்பளை வேஷம் போட்டு கல்யாணப் பொண்ணு இடத்துல வந்து உக்காந்திருப்பான், அதாவது சாவித்திரி உடம்புக்குள்ள கடோத்கஜனா நடிச்ச எஸ்.வி.ரங்காராவ் இருக்கணும், சாவித்திரி அதை தோளையும் நடையையும் வெச்சே கொண்டு வந்திருப்பாங்க. இப்போ கீர்த்தி என்ன பண்ணணும்னா, ரங்காராவ் மாதிரி பண்ற சாவித்திரி மாதிரி பண்ணணும்! மூணு அடுக்கு. அதை அந்தப் பொண்ணு அசால்ட்டா பண்ணிட்டுப் போகுது. எனக்கு கண்ணு கலங்கின இடம் வேற, இடது கண்ணுல மட்டும் ரெண்டே சொட்டு கண்ணீர் வரணும்னு டைரக்டர் கேப்பாரே, அந்த சீன். அது சோக சீனே இல்ல, ஒருத்தர் தன் வேலைய அவ்வளவு நல்லா செய்யறதைப் பாக்கும்போது வர்ற கண்ணீர் அது.

இங்க ஒரு விஷயம் சொல்லிடறேன். பயோபிக்னா, அதாவது நிஜ ஆளோட வாழ்க்கைய எடுத்த படம்னா, மூஞ்சி ஒத்துப்போகணும்ங்கறது பெரிய விஷயமே இல்ல. 2000ல வந்த பாரதி படத்துல பாரதியா நடிச்சது சாயாஜி ஷிண்டே, மராத்திக்காரர், தமிழ் அவர் பாஷையே இல்ல, ஆனா கண்ணு மட்டும் பாரதி கண்ணு. அந்தப் படத்தோட டைரக்டர் ஞான ராஜசேகரன்தான் பின்னாடி பெரியார், ராமானுஜன் ரெண்டும் எடுத்தார். 2014ல வந்த ராமானுஜன்ல ஹீரோ அபிநய் யாருன்னா, ஜெமினி சாவித்திரியோட பேரன். பாட்டி தாத்தா கதைல மத்தவங்க நடிக்க, பேரன் கணக்கு மேதையா நடிச்சிருக்கார், சினிமாவுல இப்படியெல்லாம் சுத்தி சுத்தி வரும்.

சரி, குறைக்கு வர்றேன். துல்கர் நல்லாத்தான் பண்ணியிருக்கார், பிரச்சனை அவர்கிட்ட இல்ல, எழுத்துல. முதல் பாதில ஜெமினி காதல் மன்னன், பேச்சுலயே ஆளைக் கவுக்கறவர், ஏற்கனவே கல்யாணம் ஆனவர், எல்லாம் தெரிஞ்சே சாவித்திரி கட்டிக்கறாங்க. லக்ஸ் சோப்பு விளம்பரத்துல சாவித்திரி கணேஷ்னு கையெழுத்துப் போடப் போய்த்தான் கல்யாணம் ஆன விஷயமே ஊருக்குத் தெரியுது, அந்த சீன்லாம் பிரமாதம். ரெண்டாவது பாதில திடீர்னு அந்தம்மா ஒரு தப்பும் பண்ணாத தெய்வம், கெட்டது எல்லாம் அவங்களுக்கு நடக்குது, அவங்களா எதுவும் செய்யல. குடி கூட வேற ஒருத்தர் கை நீட்டிக் குடுத்ததா போயிடுது. அம்மா பாத்துட்டே இருந்து "எல்லாத்தையும் அந்த மனுஷன் தலைல கட்டிட்டானுங்க, இவளுக்கு புத்தி எங்க போச்சு"ன்னாங்க. அம்மா ஜெமினி ரசிகை, அதனால அந்த விமர்சனத்துல பாதிதான் எடுத்துக்கணும், ஆனா அந்தப் பாதி சரி.

படம் வந்த சமயத்துல ஜெமினியோட மகள் ஒருத்தரே எங்கப்பாவை தப்பா காட்டியிருக்காங்கன்னு பேசினாங்க, சாவித்திரியோட மகள் படத்துக்கு ஆதரவா இருந்தாங்க. நம்ம ஊர் பயோபிக்குக்கெல்லாம் இதுதான் வியாதி. எந்த வீட்டுல உக்காந்து காபி குடிச்சு அனுமதி வாங்கினாங்களோ அந்த வீட்டு நியாயம்தான் திரைக்கதை ஆகுது, அடுத்த வீட்டுக்காரங்க வில்லன் ஆயிடறாங்க.

இதுல எனக்கு நிஜமாவே வயிறு எரியற விஷயம், சாவித்திரி டைரக்டரா வேலை பார்த்த பகுதிய படம் ஓட்டமா ஓடிக் கடக்கறது. 1968ல சின்னாரி பாப்பலுன்னு தெலுங்குப் படம், பெரும்பாலும் பொம்பளைங்களே வேலை பார்த்த யூனிட், அந்தக் காலத்துல! அப்புறம் சொந்தக் காசைக் கொட்டி தமிழ்ல பிராப்தம், சிவாஜி ஹீரோ, 1971ல வந்து விழுந்துச்சு. ஒரு நடிகை கேமராவுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு நான்தான் டைரக்டர்னு சொன்ன தைரியமும் அதுல பண்ண தப்புக் கணக்கும்தான் எனக்கு அவங்க வாழ்க்கைலயே பெரிய விஷயம், படமோ காதல், துரோகம், பாட்டில்னு போயிடுது. தமிழ் சாவித்திரிக்கு குடுத்த இடமும் பத்தாது. பாசமலர், கை கொடுத்த தெய்வம், அப்புறம் நவராத்திரி, அதுல சிவாஜிக்கு 9 வேஷம், அத்தனைக்கும் எதிர்ல ஒத்தை ஆளா நின்னு சமாளிச்சது இந்தம்மாதான். படமா என் மார்க் 5க்கு 3.5, அதுல கீர்த்திக்கே 2.

படம் முடிஞ்சதும் அம்மா டீ போடப் போனாங்க, நான் உக்காந்து யோசிச்சிட்டு இருந்தேன், இதே காசு இதே உழைப்பைப் போட்டு வேற யார் கதைய எடுக்கலாம்னு. பொதுவா எல்லாரும் ஜெயிச்சவங்க கதையத்தான் கேக்கறாங்க, கிரிக்கெட்காரர், முதலமைச்சர், கம்பெனி ஆரம்பிச்சவர். அதெல்லாம் எடுத்தா கடைசி ரீல்ல கைதட்டல் எங்க வரும்னு முதல் ரீல்லயே தெரிஞ்சிடும். எனக்கு வேணும்ங்கறது, அந்த ஆள் ஒரு இடத்துல நின்னு ஒரு முடிவு எடுக்கணும், அது சரியா தப்பான்னு இன்னிக்கும் நாம சண்டை போடணும்.

அப்படிப் பாத்தா என் முதல் ஓட்டு கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளுக்கு. நமக்கெல்லாம் அவங்க வெள்ளைப் புடவை, திருநீறு, ஔவையார் பாட்டி, அவ்வளவுதான். அந்த வெள்ளைப் புடவை எப்போ வந்துச்சு தெரியுமா, 25 வயசுல. வறுமைல பாட ஆரம்பிச்ச பொண்ணு, நாடகக் கம்பெனில சேர்ந்து, கொழும்புல நாடகம் போடப் போன இடத்துல செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவோட ஜோடி சேர்றாங்க. அந்தாளு குரல் எட்டுக்கட்டைக்கு, அவ்வளவு உச்ச சுருதிக்குப் போகும், அதுக்கு சமமா நின்னு பாடுவாங்க இவங்க. அவரும் ஏற்கனவே கல்யாணம் ஆனவர்தான் (இங்கயும் அதே கதை பாருங்க), கல்யாணம் பண்ணிக்கறாங்க, குழந்தை பிறந்து தங்கல, அவர் குடி, பிரிவு, ரெண்டு பேருக்கும் நடுவுல போன கடிதங்கள், கடைசில 1933 டிசம்பர்ல சின்ன வயசுலயே அவர் போயிடறார். அன்னிக்கு வெள்ளைக்கு மாறினவங்க 1980ல சாகற வரைக்கும் மாறல, ஆம்பளைக்கு ஜோடியா நடிக்கவும் இல்ல.

இப்படி சொன்னா ஒரே சோகமா இருக்கே, எவன் பாப்பான்னு கேப்பீங்க. இனிமேதான் கதையே. சினிமால நடிக்கச் சொல்லி வர்றாங்க, இவங்களுக்கு இஷ்டமில்ல, விலகிப் போகட்டும்னு 1 லட்ச ரூபாய் கேட்டதா சொல்வாங்க, அந்தக் காலத்துல சினிமால எவரும் கேள்விப்படாத தொகை. சரின்னுட்டாங்க! 1935ல நந்தனார். அதுல இவங்க வேஷம் யாரு, நந்தனாரேதான், ஆம்பளை வேஷம். ஜோடியா நடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணவங்க ஆம்பளையாவே நடிச்சிட்டாங்க, இதுக்கு மேல ஒரு திரைக்கதைக்காரன் என்னத்த யோசிக்கறது. அப்புறம் காங்கிரஸ் மேடைகள்ல பாட்டு, காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி பேசறதுக்கு முன்னாடி கூட்டத்தைக் கட்டிப்போடறது இவங்க குரல்தான், 1951ல சட்ட மேலவை உறுப்பினர், சினிமாக்காரங்க சட்டசபைப் பக்கம் போன கதை இவங்ககிட்டதான் ஆரம்பிக்குது. 1964ல கலைஞர் எழுதின பூம்புகார்ல சமணத் துறவி கவுந்தியடிகளா நடிக்கறாங்க, பழுத்த காங்கிரஸ்காரம்மா தி.மு.க.காரர் எழுதின வசனத்தைப் பேசறாங்க, அந்த ஷூட்டிங்கை மட்டும் வெச்சே அரை மணி நேரம் ஓட்டலாம். ஒரே கண்டிஷன், நடிக்கற பொண்ணுக்குப் பாடத் தெரியணும், உதட்டசைவு வேலைக்கே ஆகாது.

இந்தக் கதைலயும் மாட்டிக்கற இடம் ஒண்ணு இருக்கு, 47 வருஷம் அந்த வெள்ளைப் புடவைய பக்தியா காட்டறதா, பிடிவாதமா காட்டறதா, இல்ல தன்னைச் சுத்தி அவங்களே போட்டுக்கிட்ட வேலியா காட்டறதா? அந்த மூணுல ஒண்ண டைரக்டர் தேர்ந்தெடுத்தா படம் செத்துடும், மூணையும் விட்டு வைக்கணும்.

ரெண்டாவது, அந்தக் காலத்து பாடகர்-ஹீரோ எம்.கே.தியாகராஜ பாகவதர். ஆனா தனியா இல்ல, கூடவே காமெடியன் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். 1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் ரிலீஸ், நவம்பர்ல மஞ்சப் பத்திரிகை நடத்தின லட்சுமிகாந்தன் வேப்பேரில ரிக்ஷால போறப்போ கத்திக்குத்து, டிசம்பர்ல ரெண்டு பேரும் கைது, ஆயுள் தண்டனை. பாகவதர் ஜெயில்ல இருக்கார், வெளிய பிராட்வே தியேட்டர்ல அவர் படம் மூணு தீபாவளி பாத்து ஓடிட்டே இருக்கு. லண்டன்ல பிரிவி கவுன்சில், அதாவது அப்போ கடைசி அப்பீல் கோர்ட், வரைக்கும் போய், 1947 ஏப்ரல்ல விடுதலை. அதுக்கப்புறம்தான் எனக்குப் பிடிச்ச பகுதி: ஒரே கேஸ், ஒரே ஜெயில், கலைவாணர் வெளிய வந்து மறுபடி சிரிக்க வெச்சு படம் எடுத்து ஜெயிக்கறார், பாகவதர் சொந்தமா எடுத்த ராஜமுக்தி 1948ல படுத்துடுச்சு, அப்புறம் எழுந்திருக்கவே இல்ல, 1959ல போயிட்டார். கொலைய யார் பண்ணாங்கன்னு இன்னிவரைக்கும் தெளிவா விடை இல்ல. தயவுசெஞ்சு படத்துல அதுக்கு விடை கண்டுபிடிச்சிடாதீங்க.

மூணாவது சொன்னா சிரிப்பீங்க, பழைய தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பிச்ச உ.வே.சாமிநாதையர். சண்டை இல்ல, காதல் இல்ல, ஓலைச்சுவடி. ஆனா 1880ல கும்பகோணத்துல சேலம் ராமசாமி முதலியார்னு ஒரு முன்சீப் (கோர்ட் நீதிபதி), இவர் படிச்சதையெல்லாம் வரிசையா சொல்லச் சொல்ல முகத்துல ஒரு அசைவும் இல்லாம கேட்டுட்டு, சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னு ஒரே கேள்வி கேக்கறார் பாருங்க, பாடமெல்லாம் கரைச்சுக் குடிச்ச காலேஜ் வாத்தியார் அங்க அப்படியே நிக்கறார். அந்தக் கேள்விக்கு பதில் சொல்ல 7 வருஷம், சைவர் போய் சமணர் வீட்டுத் திண்ணைல உக்காந்து சந்தேகம் கேக்கறார், 1887ல புத்தகம் வருது. நல்ல டைரக்டர் கைல கிடைச்சா அது திரில்லர்தான்.

இதை அம்மாகிட்ட சொன்னேன். டீயைக் குடிச்சிட்டு, "சுந்தராம்பாள் படம்னா தியேட்டர்ல பாப்பேன், மத்த ரெண்டும் டிவில வந்தா பாக்கறேன்"னுட்டாங்க.

நடிகையர் திலகம் பாக்கறவங்களுக்கு: தமிழ் ஆடியோல பாதி இடத்துல உதடு ஒத்துப்போகாது, தெலுங்குலயே சப்டைட்டில் போட்டுப் பாருங்க. அன்னிக்கு ராத்திரியே நவராத்திரியும் போட்டுடுங்க, நான் போட்டேன், அம்மா தூங்கல.