சொந்த சர்வரை எங்கே வைப்பது: தூரத்து மலிவு, பக்கத்து ரேக், வாடகை மெஷின்

சொந்தமாக வாங்கிய 1யு சர்வருக்கு (ரேக் எனும் சர்வர் அலமாரியில் ஓர் அலகு உயரம் பிடிப்பது) இடம் தேடியபோது என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, தொலைவில் உள்ள பெரிய டேட்டா சென்டர். மாத வாடகை மிகக் குறைவு. இரண்டு, வண்டியில் போய்வரும் தூரத்தில், ரேக்கை மொத்தமாக எடுத்து 1யு, 2யு என்று பிரித்து உள்வாடகைக்கு விடும் சின்ன நிறுவனம். வாடகை கொஞ்சம் கூடுதல். மூன்று, சொந்த மெஷினை விற்றுவிட்டு, முழுக்க நமக்கே ஒதுக்கப்படும் டெடிகேட்டட் சர்வரை வாடகைக்கு எடுப்பது. நான் எடுத்தது இரண்டாவது. மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அதைத்தான் எடுப்பேன்.

வீட்டிலேயே வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல வீட்டு இணைப்புகளில் தனி ஐ.பி. முகவரியே கிடைக்காது; மின்னஞ்சல் சர்வர் நடத்தலாம் என்றால் 25ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருப்பார்கள்; அப்புறம் அந்தச் சின்ன விசிறிகளின் சத்தம். வி.பி.எஸ். (பெரிய சர்வரில் ஒரு பங்காக வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) போதும் என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், இதற்கு மேல் படிக்க வேண்டாம். பல டெராபைட் டிஸ்க்கும் நிறைய ரேமும் தேவைப்படும் இடத்தில்தான் வி.பி.எஸ். வாடகை எகிறுகிறது, கோலொகேஷன், அதாவது சொந்த மெஷினை அடுத்தவர் ரேக்கில் வாடகைக்கு வைப்பது, கணக்குக்கு வருவதும் அங்கேதான்.

பேண்ட்வித்தைப் பார்த்து மயங்க வேண்டாம். தனிநபர் சர்வர் எதுவும் 1 ஜிகாபிட் போர்ட்டை நிரப்பப்போவதில்லை. 95ஆம் சதமான முறையில் பில் போடுகிறார்கள் என்றால் அது நமக்குச் சாதகம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் 30 நாள் மாதத்தில் 8,640 அளவுகள் வரும். அவற்றில் உச்சத்தில் இருக்கும் 432 அளவுகளைக் கழித்துவிட்டு அடுத்த அளவுக்குத்தான் கட்டணம். அதாவது மாதத்தில் 36 மணி நேரம் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் பில்லில் ஏறாது. வாராந்தர பேக்கப்பை அந்த நேரத்துக்குள் அடக்கிவிடலாம். ஐ.பி.வி4 முகவரிகளுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். உலக அளவிலான பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டதால், இன்று முகவரி என்பது காசு.

மின்சாரத்துக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும். விளம்பரத்தில் '1 ஆம்ப் இலவசம்' என்று இருக்கும். எந்த வோல்ட்டில் என்று பாருங்கள். 120 வோல்ட் என்றால் அது 120 வாட். 230 வோல்ட் என்றால் 230 வாட். ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கும் இரண்டு ப்ராசசர் இன்டெல் ஜியான் சர்வர்கள் பலவும் சும்மா இருக்கும்போதே 100 வாட்டைத் தாண்டுகின்றன. 100 வாட் தொடர்ந்து ஓடினால் மாதம் 72 யூனிட். வாங்கும்போது மிச்சம் பிடித்ததை மாதாமாதம் மின்கட்டணமாகத் திருப்பிக் கொடுக்க நேரும். ஒற்றை ப்ராசசர் உள்ள மெஷின், குறைந்த எண்ணிக்கையில் பெரிய டிஸ்க்குகள் என்று போனால் வாடகை மெஷினைவிடக் கோலொகேஷன் கை ஓங்கும்.

இதுவரை சொன்னதிலெல்லாம் தூரத்து டேட்டா சென்டரே ஜெயிக்கும். வாடகை குறைவு, இரண்டு தனித்தனி மின்பாதை, நெட்வொர்க்கும் பிரமாதம். அப்படியிருந்தும் நான் அதை ஒதுக்கியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: மெஷினுக்கு ஏதாவது ஆனால் யார் போய்த் தொடுவது, எவ்வளவு நேரத்தில், எவ்வளவு செலவில்?

கோலொகேஷனில் மெஷின் நம்முடையது. டிஸ்க் போனால் டேட்டா சென்டர் மாற்றித் தராது. அங்கிருக்கும் ஆளைத் தொடச் சொன்னால் அதற்குப் பெயர் 'ரிமோட் ஹேண்ட்ஸ்'. பொதுவாகக் கால் மணி அல்லது அரை மணிக் கணக்கில் கட்டணம். இரவு, விடுமுறை நாள் என்றால் கூடுதல். கேபிளைப் பிடுங்கிச் சொருகச் சொன்னாலும் ஒரு முழு அலகுக்கான காசு. மாதம் மாதம் மிச்சமான பணம் இப்படி இரண்டு மூன்று அழைப்பில் கரைந்துவிடும். போதாக்குறைக்கு மாற்று டிஸ்க்கை நாம் கூரியரில் அனுப்ப வேண்டும், அவர்கள் அதை வாங்கி வைக்க வேண்டும், யாரோ பிரித்துப் பொருத்த வேண்டும். ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் எழுதிவைக்கும் ரெய்டில் ஒரு டிஸ்க் செத்து மற்றது தனியாகச் சுமை தாங்கும் அந்த நாட்களில்தான் நமக்குத் தூக்கம் போகும்.

பக்கத்தில் இருந்தால் இந்தக் கதையே வேறு. டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால் அன்றைக்கே வேலை முடிந்துவிடும். ஒரே ஒரு முன்னேற்பாடு செய்து வையுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணில் கடைசி நான்கு எழுத்துகளை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி, அந்த டிஸ்க் இருக்கும் டிரேயின் முகப்பில் ஒட்டிவிடுங்கள். சிஸ்டம் சொல்லும் டிஸ்க் பெயரும் டிரே வரிசையும் ரீபூட்டுக்குப் பிறகு ஒத்துப்போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்க, இரைச்சலில் நின்றுகொண்டு எந்த டிரேயை இழுப்பது என்று யோசிக்கும்போது அந்த நான்கு எழுத்துகள்தான் நல்ல டிஸ்க்கை உருவிவிடாமல் காப்பாற்றும். நீங்கள் போக முடியாமல் டெக்னீஷியனிடம் சொல்ல வேண்டி வந்தாலும் அதையே சொல்லலாம்.

பெரும்பாலான சிக்கல்களுக்கு நேரில் போகவே வேண்டாம் என்பதும் உண்மைதான். சர்வர் போர்டுகளில் பி.எம்.சி. என்ற தனிச் சிப் இருக்கும். டெல்லில் அது ஐடிராக், ஹெச்.பி.யில் ஐலோ, சூப்பர்மைக்ரோவில் ஐ.பி.எம்.ஐ. சிஸ்டம் உறைந்துபோனாலும் இதன் வழியாகத் திரையைப் பார்க்கலாம், பவரை அணைத்துப் போடலாம், பயாஸுக்குள் (மெஷினின் அடிப்படை அமைப்புத் திரை) நுழையலாம். இது இல்லாத மெஷினை ரேக்கில் ஏற்றாதீர்கள். பழைய சர்வர் வாங்கும்போது லைசென்ஸையும் பாருங்கள். ஐடிராக்கில் திரையைப் பார்க்க எண்டர்பிரைஸ் லைசென்ஸும், ஐலோவில் சிஸ்டம் ஏறிய பிறகும் பார்க்க அட்வான்ஸ்ட் லைசென்ஸும் தேவைப்படும் மாடல்கள் நிறைய.

இந்த பி.எம்.சி.க்குத் தனி நெட்வொர்க் போர்ட் வேண்டும். அதற்குக் காசு கேட்கிறார்களா, அதை வி.பி.என். பின்னால் வைக்கிறார்களா என்பது வாடகையைவிட முக்கியமான கேள்வி. பொது இணையத்தில் அப்படியே திறந்து வைக்கக் கூடாது. பி.எம்.சி.க்கள் பலவும் பேசும் ஐ.பி.எம்.ஐ. 2.0 நெறிமுறையின் அமைப்பே, கடவுச்சொல்லின் ஹாஷை (அதிலிருந்து கணக்கிட்ட குறியை) உள்ளே நுழையாதவருக்கும் கொடுத்துவிடும் விதத்தில் இருக்கிறது. அதை வைத்து நிதானமாக உடைக்கலாம். நான் பார்த்த மலிவான இடங்களில் சில, பொது ஐ.பி.யைத்தான் தருகிறோம், பாதுகாப்பு உங்கள் பாடு என்றன. உள்வாடகை நிறுவனமோ கேட்டதும் வி.பி.என். கணக்கு ஒன்று போட்டுத் தந்தது. சின்ன இடம் எல்லாமே இப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிதர் இருப்பது சின்ன இடங்களில் அதிகம்.

ரேக்கில் ஏற்றுவதற்கு முன் வீட்டிலேயே சோதிக்க வேண்டியவையும் இந்தக் கணக்கில்தான் வரும். மின்சாரம் போய்த் திரும்பினால் மெஷின் தானாக எழுந்திருக்கும்படி பயாஸில் அமைத்திருக்கிறதா? பல மெஷின்களில் அணைந்தே கிடக்கும்படியும் அமைக்க முடியும். டிஸ்க்கை லக்ஸ் என்ற மறையாக்கம் கொண்டு பூட்டியிருந்தால், ரீபூட்டுக்குப் பிறகு கடவுச்சொல்லை எங்கிருந்து தருவீர்கள்? பூட் நேரத்திலேயே எஸ்.எஸ்.ஹெச். வழியாகத் தொலைவிலிருந்து நுழைய ட்ராப்பேர் என்ற சின்ன மென்பொருளைப் போட்டு, பிளக்கைப் பிடுங்கிச் சொருகிப் பாருங்கள்.

உள்வாடகை நிறுவனத்தில் குறையே இல்லையா? இருக்கிறது, பெரிய குறைதான். ரேக் அவர்களுடையது அல்ல, டேட்டா சென்டருடையது. அவர்கள் அங்கே வாடகை கட்டாமல் விட்டால் ரேக் இருக்கும் கூண்டை டேட்டா சென்டர் பூட்டிவிடும். உள்ளே இருக்கும் உங்கள் மெஷினும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். எனவே மெஷின் வாடிக்கையாளரின் சொத்து என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். சீரியல் எண், வாங்கிய ரசீது, ரேக்கில் ஏற்றியபின் எடுத்த படம் மூன்றையும் வெளியே ஓரிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நேரில் போய்வர நேரம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும் என்பதும் ஒரு தொந்தரவு. நள்ளிரவில் துணைக்கு ஆள் வராது என்றால் பக்கத்தில் இருப்பதன் பாதிப் பலன் போய்விடும். இதை முதலிலேயே கேளுங்கள்.

வாடகை டெடிகேட்டட் சர்வரைப் பற்றி நியாயமாகச் சொல்வதென்றால், நான் மேலே புலம்பிய கவலைகள் பலவும் அதில் கிடையாது. டிஸ்க் செத்தால் அவர்கள் பொறுப்பு. ஹெட்ஸ்னர் போன்ற நிறுவனங்கள் பழைய மெஷின்களை ஏல முறையில் குறைந்த வாடகைக்கு விடுகின்றன. போய்வர நேரமோ விருப்பமோ இல்லாதவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் ரேமை ஏற்றவோ டிஸ்க் சேர்க்கவோ நினைத்தால், அந்த ஏற்றம் வாழ்நாள் முழுக்க மாத வாடகையில் உட்கார்ந்திருக்கும். சொந்த மெஷினில் ஒருமுறை வாங்கிச் சொருகினால் முடிந்தது. அரை ரேக், சொந்த ஏ.எஸ்.என். (இணையத்தில் தனி நெட்வொர்க்குக்கான எண்) என்று பெரிதாகப் போகிறவர்களுக்கு என் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். என் அனுபவம் ஒற்றை 1யு அளவுக்குத்தான்.

பேக்கப் விஷயத்திலும் அருகாமை கைகொடுக்கிறது. 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் எஸ்.பி.ஜி.2 கட்டடம் எரிந்து நாசமானபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் பலர் தரவை இழந்தார்கள். ஆகவே இன்னொரு பிரதி வேறு இடத்தில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் 10 டெராபைட்டை 100 மெகாபிட் இணைப்பில் திரும்ப ஏற்ற ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். பக்கத்து ரேக் என்றால் முதல் பிரதியையும், தேவைப்பட்டால் மீட்புப் பிரதியையும் டிஸ்க்காகவே கையில் கொண்டுபோகலாம்.

கடைசியாக, வெளியேறும் வழி. எத்தனை நாள் முன்னறிவிப்பு, மெஷினைக் கழற்றித் தரக் கட்டணம் உண்டா, பாக்கி இருந்தால் மெஷினைப் பிடித்து வைப்பார்களா, ரேக்கில் பொருத்தும் ரெயிலோடு திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் இதெல்லாம் இல்லையென்றால் மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை மெஷினை ரேக்கில் ஏற்ற வேண்டாம்.