வீட்டுக் கணினிக்கான புகைப்பட மென்பொருள்: டிஜிகாம், லைட்ரூம், டார்க்டேபிள்

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு வீட்டுக் கணினியைத் திறந்தால், மூன்று தலைமுறைப் படங்கள் ஒன்றாகக் குவிந்து கிடப்பதைக் காணலாம்: ஸ்டூடியோவில் எடுத்துப் பிற்காலத்தில் ஸ்கேன் செய்த கறுப்பு வெள்ளைப் படங்கள், டிஜிட்டல் கேமரா காலத்துத் திருமணப் படங்கள், வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தவை. இவற்றுக்கு மென்பொருள் தேடுபவர்கள் பெரும்பாலும் வண்ணத் திருத்தத்தின் நேர்த்தியையே ஒப்பிடுகிறார்கள். அதற்கு முன்பாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. நாம் ஒவ்வொரு படத்துக்கும் எழுதும் பெயர், ஆண்டு, இடம் ஆகியவை படக் கோப்போடு சேர்ந்து இருக்கின்றனவா, அல்லது அந்த மென்பொருளின் சொந்தப் பதிவேட்டில் மட்டும் இருக்கின்றனவா?

பிகாசாவைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். 2004இல் கூகுள் வாங்கிய அந்த எளிய மென்பொருளுக்கான ஆதரவு 2016 மார்ச்சில் நின்றது. திருத்திய படத்தைச் சேமிக்காமல் விட்டிருந்தால், திருத்தம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஒரு சிறு ஐஎன்ஐ கோப்பில் மட்டுமே இருக்கும். வேறு மென்பொருளில் திறந்தால் பழைய படமே தெரியும்.

ஒழுங்குபடுத்துவதே முதன்மைத் தேவை என்றால் நான் தயங்காமல் பரிந்துரைப்பது டிஜிகாம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும் இந்தக் கட்டற்ற மென்பொருளுக்குச் சந்தா கிடையாது. இது தரவுத்தளம் ஒன்றை வைத்துக்கொண்டாலும், குறிச்சொற்களையும் முகப் பெயர்களையும் படத்துக்குள்ளேயே எழுத வல்லது; அமைப்புகளில் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய விவரங்கள்) பகுதிக்குச் சென்று அந்தத் தெரிவுகள் இயக்கத்தில் உள்ளனவா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும். முகம் கண்டறிவது நம் கணினியிலேயே நடப்பதால் ஆயாவின் படமும் குழந்தைகளின் படமும் வெளியே எங்கும் அனுப்பப்படுவதில்லை. பழைய கணினியில் இந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும், இரவில் ஓடவிட்டுவிடலாம். வாட்ஸ்அப் படங்களில் கேமரா பதிந்த தேதி நீங்கிவிடுகிறது, ஆனால் ஆண்டிராய்டில் கோப்பின் பெயரிலேயே வந்து சேர்ந்த நாள் இருக்கிறது. அந்தப் பெயரிலிருந்து தேதியை எடுத்துப் படத்தில் எழுதும் கருவி டிஜிகாமில் உண்டு.

தமிழில் குறிச்சொல் எழுதுவோர் ஒரு நுணுக்கத்தை அறிந்திருப்பது நல்லது. படத்துக்குள் விவரங்களை எழுதுவதற்கான பழைய ஐபிடிசி வரையறை ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்டுகளையே அனுமதிக்கிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனியே கணக்கில் வரும். ‘கொருக்குப்பேட்டை’ என்பது 48 பைட்டுகளில் அடங்கிவிடும். ‘திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில்’ அடங்காது. விவரங்களைப் படத்துக்குள்ளோ பக்கத்தில் தனிக் கோப்பாகவோ எழுதும் எக்ஸ்எம்பி முறையில் இந்த எல்லை இல்லை என்பதால், குறிச்சொற்களை அதில் எழுதும் மென்பொருளையே நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே ஒப்பிடும் மூன்றும் அதைச் செய்கின்றன.

அடோபி நிறுவனத்தின் லைட்ரூம் கிளாசிக்கின் வலிமை திருத்தத்தில் இருக்கிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியலுக்கு முன், விளக்கொளியில் நடக்கும் ஏலத்தை ராவ் வடிவில் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்தால், நிழல்களில் புள்ளி புள்ளியாக இரைச்சல் படியும். 2023இல் இதில் சேர்க்கப்பட்ட இரைச்சல் நீக்கும் வசதி, மீன் செதில்களின் நுண்மையைக் கெடுக்காமல் அதைக் களைவதில் மிகச் சிறந்தது. ஆனால் 2017 முதல் இது சந்தாவில் மட்டுமே கிடைக்கிறது. சந்தா நின்றால் படங்களைப் பார்க்கலாம், ஒழுங்குபடுத்தலாம், வெளியே எடுக்கலாம். திருத்தும் பகுதியும் வரைபடப் பகுதியும் பூட்டப்படும். மேலும், எக்ஸ்எம்பியில் தானாக எழுதும் தெரிவு தொடக்கத்தில் அணைந்தே இருக்கும் என்பதால் அதை நாமே இயக்க வேண்டும். படம் எடுப்பதைத் தொழிலாகக் கொண்டவருக்கு இந்தச் செலவு நியாயமானது. வீட்டுத் தொகுப்புக்காக மட்டும் மாதந்தோறும் பணம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டார்க்டேபிள் இலவசமாகவே ராவ் திருத்தத்தைத் தருகிறது. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே ஓர் எக்ஸ்எம்பி கோப்பையும் எழுதி வைக்கிறது. கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும், முகம் கண்டறியும் வசதியும் இல்லை. ஆகவே டிஜிகாமில் அடுக்கி, ராவ் படங்களை மட்டும் டார்க்டேபிளில் திருத்துவது நல்ல இணை. ஒன்றில் செய்த திருத்தத்தை மற்றொன்று முழுமையாகப் புரிந்துகொள்ளாது என்பதால், இறுதிப் படத்தை ஜேபெக்காகவும் எடுத்து வைக்க வேண்டும். ஸ்கேன் செய்த படத்தில் கிழிசலையும் கறையையும் நீக்க ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருள் போதும்.

கூகுள் போட்டோஸில் தேடுவது எளிது. ஆனால் வரம்பற்ற இலவச இடம் 2021 ஜூன் 1 முதல் இல்லை. மின்னஞ்சலும் சேர்ந்து 15 ஜிபிதான். மொத்தமாகத் திரும்ப எடுக்கும்போது நாம் எழுதிய விளக்கங்கள் படத்திலிருந்து தனியான, ஜேசன் எனப்படும் உரைக் கோப்புகளில் வருகின்றன. எனவே இதை ஒரு கூடுதல் நகலாக மட்டுமே கொள்ளலாம்.

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதை நினைத்தால் வேறு வீட்டில், முடிந்தால் மாடியில், ஒரு வெளி வன்தட்டு இருந்தே ஆக வேண்டும். அதற்கு நகலெடுக்கும்போது படங்களோடு பக்கத்திலுள்ள எக்ஸ்எம்பி கோப்புகளும் சேர்ந்து போகின்றனவா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.