மீன்தொட்டி ஸ்டாண்ட் "வாட்டர்ப்ரூஃப்" என்றால் நம்பி வாங்காதீர்கள்

மீன்தொட்டிக்கு மூடிய கேபினட் ஸ்டாண்ட் வாங்கப் போகிறவர்கள், முக்கியமாக அதற்குள்ளேயே சம்ப் (மேல் தொட்டித் தண்ணீர் இறங்கி, வடிகட்டித் திரும்ப மேலே போகிற துணைத் தொட்டி) வைக்கப் போகிறவர்கள், பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். "முழுக்க வாட்டர்ப்ரூஃப் சார், ஆயுசுக்கும் அசையாது" என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை.

முதலில் வந்தது வாடை. கதவைத் திறந்தாலே மக்கிப்போன நாற்றம். டார்ச் அடித்துப் பார்த்தால் பின்பலகை முழுக்கச் சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சை. கீல் திருகுகளில் துரு. குழாய் நுழைவதற்காகப் போட்ட துளையைச் சுற்றிப் பலகை உப்பியிருந்தது. நகத்தால் கீறினேன், ஈரமான மரத்தூளாக உதிர்ந்தது. அப்போதுதான் உண்மை தெரிந்தது. வெளிப்பக்கம் மட்டும் பளபளவென்று லேமினேட், உள்ளே வெறும் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை. துளையின் விளிம்பு, பின்பலகை, அடிப்பக்கம் எதிலும் ஒரு பூச்சுகூட இல்லை.

புகார் சொன்னதும் வந்த பதில்: "உங்க தொட்டி ஒழுகுது சார், அதுக்கு நாங்க பொறுப்பில்ல." எல்லாக் குழாய் இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் அத்தனையும் காய்ந்தபடியே இருந்தன. ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் 90 சதவீதத்தைத் தாண்டியது. வெளியே அறையில் அதைவிட எவ்வளவோ குறைவு. ஆக, ஒழுகல் கிடையாது. சம்ப்பில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது, மேலிருந்து கொட்டிக் கலங்கிக்கொண்டே இருக்கிறது, நாள் முழுக்க ஆவியாகிறது. அந்த ஆவி வெளியேற ஒரு ஓட்டைகூட வைக்காமல் பெட்டி செய்தால் அது பலகைக்குள்தான் இறங்கும். ஈரப்பதம் தொடர்ந்து 70 சதவீதத்துக்கு மேல் நின்றாலே பூஞ்சைக்குப் போதும்.

இது வாடையோடு முடிகிற விஷயமில்லை. 200 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. கண்ணாடியும் மணலும் கல்லும் தனி. பார்ட்டிகிள் போர்டு, மரநாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப் பலகை இரண்டும் ஒருமுறை உப்பிவிட்டால் காய்ந்தாலும் பழைய பலம் திரும்பாது. ஒரு மூலை இறங்கினால் பாரம் முழுக்கக் கண்ணாடியிலும் சிலிகான் இணைப்பிலும் போய் நிற்கும். தொட்டிக்கு முன்னால் குழந்தைகள் உட்கார்ந்து மீன் பார்க்கிற வீடுகளை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் அடங்கவில்லை.

விடாமல் கேட்டதும் சரிசெய்ய ஒருவரை அனுப்பினார்கள். பூஞ்சையைத் துணியால் துடைத்தார், ஈரம் காயாத பலகை மேலேயே வெள்ளை பெயின்ட் அடித்தார். அடுத்து ஒரு பூஞ்சைக்கொல்லி ஸ்ப்ரேயை எடுத்து, திறந்து கிடந்த சம்ப்புக்கு மேலேயே அடிக்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். சில பூஞ்சைக்கொல்லிகளில் தாமிரம் இருக்கும்; இறாலும் நத்தையும் சாக அது சிறு அளவே போதும். கிளம்பும்போது ஒரு சிலிகா ஜெல் பையைக் கொடுத்து, "இதைத் தொங்க விடுங்க, சரியாயிடும்" என்றார். 100 கிராம் சிலிகா ஜெல் மிஞ்சிப்போனால் 40 கிராம் ஈரத்தைத்தான் பிடிக்கும். சம்ப்பில் நாள்தோறும் குறைகிற தண்ணீருக்கு முன்னால் அது எம்மாத்திரம்? பெயின்ட் சீக்கிரமே கொப்புளித்து உரிந்தது, அடியில் அதே பூஞ்சை.

வாங்கும்போது முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், பின்னால் போய்த் துளையின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். மரத்தூள் தெரிந்தால் அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாரத்தை இரும்புச் சட்டமோ ஈரம் தாங்குகிற நல்ல மரைன் பிளைவுட்டோ தாங்க வேண்டும். வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றிலும் ஈரம் புகாமல் எப்பாக்ஸியோ பாலியூரித்தேனோ பூசியிருக்க வேண்டும். காற்று கீழே நுழைய ஒரு திறப்பு, மேலே வெளியேற ஒன்று, அதில் காற்றை வெளியே தள்ளும் சின்ன 12 வோல்ட் ஃபேன். சம்ப்புக்கு மூடி போட்டால் பாதித் தொல்லை குறையும். மின் பலகையைத் தரையில் போடாமல் பக்கச் சுவரில் உயரத்தில் மாட்டுங்கள். வயர் பிளக்கை அடையும் முன் கீழே தொங்கி மேலே ஏறட்டும், அப்போது வயர் வழியே ஓடிவரும் தண்ணீர் அடியிலேயே சொட்டிவிடும்.

எந்தப் பலகை, ஈரத்தால் கெட்டால் உத்தரவாதம் உண்டா என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். என் பில்லில் "அக்வேரியம் ஸ்டாண்ட்" என்பதைத் தவிர ஒரு சொல் இல்லை. அதை வைத்துத்தான் இப்போது வாரன்டி கிடையாது என்கிறார்கள்.

ஏற்கெனவே பூஞ்சை வந்திருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், விதைத்துகள் வீடெங்கும் பறக்கும். என்95 மாஸ்க் போட்டு ஈரத்துணியால் துடைத்து, கதவைத் திறந்துபோட்டு ஃபேன் வைத்துக் காயவிடுங்கள். பிறகு பாரம் தாங்கும் இடங்களில் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அன்றைக்கே தண்ணீரை வடித்துத் தொட்டியை இறக்கிவிடுங்கள். நான் இறக்கிவிட்டேன். இரும்புச் சட்டத்தில் வேறு ஸ்டாண்ட் செய்ய வேண்டியதாயிற்று. பணத்தைத் திரும்பக் கேட்டுப் படங்களோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.