எஸ்ஏபி வேலைக்கு ரெக்ரூட்டரா, கொழும்புக் கொம்பனியா, நேரடியாவா?

வந்தாறுமூலையிலயும் ஒலுவில்லயும் கெம்பஸ் முடிச்ச பொடியன்மார் இப்ப அடிக்கடி கேக்கிறது இதத்தான். எஸ்ஏபி எண்டது பெரிய கொம்பனிகள் கணக்கு, கொள்முதல், விற்பனையெல்லாம் ஒண்டாப் பாக்கிற சொஃப்ட்வெயர், அதச் செய்யிற கொம்பனிக்கும் அதே பேர்தான். கேக்கிறதில ஞாயம் இருக்கு. அதிட பழைய வடிவமான ஈசிசியிட கடைசிப் பதிப்புகளுக்கே எஸ்ஏபி குடுக்கிற வழமையான மெயின்டெனன்ஸ் 2027 முடிவோட சரி, மேலதிகமா காசு கட்டினா 2030 மட்டும் இழுக்கலாம், அதால புது வடிவமான எஸ்/4ஹானாவுக்கு மாத்துற புரொஜெக்ட் எல்லா நாட்டிலயும் ஓடுது, அதுக்கு ஆள் வேணும்.

கொழும்பில, எஸ்ஏபிய மத்தக் கொம்பனிகளுக்குப் போட்டுக் குடுக்கிற ஒரு பார்ட்னர் கொம்பனியில சேர்ந்தா சம்பளம் ரூபாயில, ஈபிஎஃப்புக்கு அவங்க 12 வீதம் போடுவாங்க, உங்கட 8 வீதம் வெட்டுப்படும், ஈடிஎஃப்புக்கு அவங்க 3 வீதம் தனிய. புரொஜெக்ட் இல்லாட்டியும் பெஞ்சில இருந்து சம்பளம் எடுக்கலாம். அவ்வளவுதான், ஆனா கோ-லைவ் (புது சிஸ்டம் உண்மையா ஓடத் தொடங்கிற கட்டம்) ஒண்டக் கண்ணால காணாத ஆள வெளியில எவனும் எடுக்கமாட்டான்.

ரெக்ரூட்டர் கத வேற. அவருக்குக் காசு குடுக்கிறது ஆள் தேடுற கொம்பனி, அதாவது கிளையன்ட், அப்ப அவர் ஆர்ர ஆள் எண்டு விளங்கும்தானே. நிரந்தர வேலையெண்டா பொதுவா முதல் வருசச் சம்பளத்தில ஒரு வீதம் அவருக்கு பீஸ், கொன்ட்ராக்டெண்டா உங்கட ரேட்டுக்கு மேல மார்ஜின். புரொஜெக்ட மொத்தமா எடுக்கிற பெரிய இன்டெகிரேட்டர், அதுக்குக் கீழ ஆள் குடுக்கிற வென்டர், அதுக்கும் கீழ சப்-வென்டர் எண்டு போகும். சும்மா கணக்குக்கு கிளையன்ட் 100 டொலர் குடுக்குது, மூண்டு கையும் கைக்கு வந்ததில 20 வீதம் எடுக்குது எண்டு வைங்க, உங்களுக்கு மிஞ்சிறது 51. அதால முதல் கேள்வியே நடுவில எத்தின பேர் எண்டதுதான்.

அடுத்தது இதவிட மோசம். வட்ஸ்அப்பில ஒருத்தர் வருவார், "அவசரம், எஃப்ஐசிஓ, உடன சேரணும், சிவி அனுப்புங்க", கிளையன்ட் ஆரெண்டு மட்டும் வாயத் திறக்கமாட்டார். (எஃப்ஐசிஓ எண்டா எஸ்ஏபியிட கணக்குப் பகுதி, இப்பிடி ஒவ்வொரு பகுதியத்தான் மொடியூல் எண்டுறது.) கொஞ்ச நேரத்தில இன்னொருத்தர் அதே வேலைய அனுப்புவார், ஸ்பெல்லிங் பிழகூட அதே இடத்தில. ரெண்டு பேருக்கும் சிவி குடுத்தீங்களோ, பீஸ் ஆருக்கு எண்ட சண்டைக்குப் பயந்து கிளையன்ட் உங்களயே தூக்கிப் போட்டாலும் போட்டிரும். கிளையன்ட் பேர், வேல, ரேட் மூண்டையும் எழுதி, இதுக்கு என்ர சிவிய அனுப்பலாம் எண்டு ஒருத்தருக்கு மட்டும் மெயில் போடுங்க. வேல தேடுற ஆளிட்டயே காசு கேக்கிறவன் ரெக்ரூட்டரே இல்ல.

வெளிநாட்டுக் கிளையன்டிட்ட நேரடியாப் போனா முழு ரேட்டும் உங்களுக்கு, 2025 ஏப்ரலில இருந்து பேங்கால வாற வெளிநாட்டுச் சேவ வருமானத்துக்கு வரியும் உச்சம் 15 வீதம்தான். ஆனா பெரிய கொம்பனியிட புரொகியூர்மென்ட் (கொள்வனவுப் பகுதி) தனி ஆள வென்டரா லேசில பதியாது, இன்வொய்ஸ் போட்டு 60 நாள் பாத்துக்கொண்டிருக்கவும் வரும், ஒழுங்கான ஏஜென்சியெண்டா அந்த இடைவெளிய அவங்க தாங்கிச் சம்பளத்த நேரத்துக்குப் போடுவாங்க, அந்த மார்ஜின் எனக்கு நட்டமாத் தெரியேல்ல.

அனுபவம் அஞ்சு வருசத்துக்குக் கீழயெண்டா என்ர தெரிவு கொழும்புதான். அதுக்குப் பிறகு மொடியூல் தெரிஞ்சு கதைக்கிற ரெக்ரூட்டர் ஒருத்தர் ரெண்டு பேர் காணும், எம்எம்முக்கும் (கொள்முதல், சரக்கு) எஸ்டிக்கும் (விற்பனை) வித்தியாசம் தெரியாதவர விட்டிருங்க. பிறகு நேரடியாப் போற யோசின இருந்தா, அவர் காட்டின கிளையன்டிட்ட 6 மாசமோ 12 மாசமோ தனியப் போகக்கூடாதெண்டு ஒப்பந்தத்தில ஒரு கிளோஸ் இருக்கும், கையெழுத்து வைக்க முதலே அந்த மாசத்தக் குறைச்சுக் கேளுங்க.