மரக்கட்டையா, செப்புத்தகடா: லூத்தர் காலத்துப் படங்கள்

போப்பின் திருச்சபையை எதிர்த்து மார்ட்டின் லூத்தர் கிளப்பிய சீர்திருத்தக் கருத்தைப் படமாக்க 1520களில் ஜெர்மன் ஓவியர்களுக்கு இரண்டு வழி இருந்தது: மரக்கட்டையில் செதுக்கி அச்சடிப்பது, செப்புத்தகட்டில் கீறி அச்சடிப்பது. புத்தகத்துக்கு என்றால் மரக்கட்டைதான், யோசிக்கவே வேண்டாம்.

காரணம் எளிது. மரத்தில் கோடு மேடாக நிற்கும். கட்டையின் உயரம் ஈய எழுத்தின் உயரத்தோடு ஒத்திருந்தால், படமும் வசனமும் ஒரே அழுத்தத்தில் பதியும். செம்பில் மை பள்ளத்தில் இருக்கிறது. ஈரத்தாளை உருளை அச்சில் வைத்து நசுக்கினால்தான் மேலே வரும். எழுத்தோடு சேர்த்து அடிக்க வழியில்லை.

திருத்தத்திலும் மரம் கைகொடுத்தது. 1522 செப்டம்பரில் விட்டன்பெர்க்கில் வந்த லூத்தரின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பில், அதன் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்துக்கு ஓவியர் லூக்காஸ் கிரனாக்கின் பட்டறை 21 முழுப்பக்கப் படங்கள் செய்தது. அந்த நூலில் வரும் பாபிலோன் மகாவேசியின் தலையில் போப்பின் மூன்றடுக்குக் கிரீடம்! எதிர்ப்புக் கிளம்பியதும் டிசம்பர் பதிப்பில் மேலடுக்குகளைச் சீவிவிட்டார்கள், சாதாரணக் கிரீடம் மிஞ்சியது. சீவுவது சுலபம், சேர்ப்பதற்குத் துளையிட்டு மரத்துண்டு இறுக்கி மறுபடி செதுக்க வேண்டும். மெல்லிய கோடு ஒடிவதும் கட்டை வெடிப்பதும் வேறு தொல்லைகள்.

முகம் என்று வந்தால் செம்புதான். ஓவியர் டியூரர் 1526இல் செதுக்கிய, லூத்தரின் தோழர் மெலாங்டனின் உருவப்படத்தில் நெற்றி நரம்பைப் பாருங்கள். மரத்தில் அந்த நுணுக்கம் தேறுவது கடினம். ஆனால் ஒவ்வொரு பிரதிக்கும் தகட்டில் மை பூசி, மேற்பரப்பைத் துடைத்து எடுக்க வேண்டும். அடிக்க அடிக்கக் கோடும் மங்கும். காசுள்ளவர் சேகரிக்கும் தனித்தாளுக்கு அது போதும், சந்தையில் விற்கும் துண்டுப்பிரசுரத்துக்குக் கட்டாது.