மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா, அரிட்டாபட்டி: எந்தப் பாதுகாப்பு உண்மையில் காக்கிறது?

2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் கூடிய நாடுகள், 2030-க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாக்க ஒப்புக்கொண்டன. அந்த உடன்பாட்டில் இந்தியாவும் இருக்கிறது. அந்த எண்ணோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எந்தச் சட்டப்படி, யாரை உள்ளே விட்டு, யாரை வெளியே நிறுத்திப் பாதுகாக்கப் போகிறோம் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லாமல் சதுர கிலோமீட்டர் கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டிலேயே மூன்று வேறு வேறு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன, அவற்றை எடுத்து வைத்துப் பார்த்தாலே நிறையப் புரியும்.

முதலாவது, தேசியப் பூங்கா. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டரை 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். வனவிலங்குச் சட்டத்தில் இதைவிடக் கறாரான வகை கிடையாது. உள்ளே எதையும் எடுக்கக் கூடாது, அனுமதி இல்லாமல் தீவில் கால் வைக்கக் கூடாது. பவளப்பாறைக்கு இந்தக் கறார் தேவைதான், ஏனென்றால் ஒரு நங்கூரம் விழுந்து உடைந்த பவளம் பழையபடி வளரப் பல வருஷம் ஆகும்.

ஆனால் நடந்தது என்ன? சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் பவளத்தை வெட்டி எடுப்பது பூங்கா அறிவித்த பிறகும் தூத்துக்குடிப் பக்கம் கிட்டத்தட்ட 20 வருஷம் ஓடியது. 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் சேர்த்த பிறகும் முழுசாக நிற்கவில்லை, 2000-களின் நடுவில்தான் நின்றது. அதற்குள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அலையின் வேகத்தைத் தடுத்துக்கொண்டிருந்த பாறையை வெட்டிவிட்டால், மணல் மேடு மட்டும் எப்படி நிற்கும்? வான் தீவும் அதே கதியில் கரைந்துகொண்டிருந்தது. அதைக் காப்பாற்ற 2015-லிருந்து கடலுக்கடியில் கான்கிரீட்டில் செய்த செயற்கைப் பாறைகளை இறக்கி வருகிறார்கள்.

இதே பூங்காவின் கெடுபிடி யார் மேல் முழு பலத்தோடு விழுந்தது என்று பார்த்தால், பாசி எடுக்கும் பெண்கள் மேல். பாம்பன் சின்னப்பாலம் மாதிரியான ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இதுதான் தொழில். கண்ணாடியை மாட்டி, விரல்களில் துணிப்பட்டையைச் சுற்றி, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு, மூச்சுக்கருவி எதுவும் இல்லாமல் மூச்சை அடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறிப்பார்கள். துணி சுற்றியும் பாறை விரலைக் கிழிக்கும். ஒன்று அகர் செய்யப் போகும், மற்றது ஆல்ஜினேட் செய்ய, இரண்டும் உணவு போன்றவற்றைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பொருட்கள். பூங்கா வந்ததும் இவர்கள் அத்துமீறுபவர்கள் ஆகிவிட்டார்கள், பிடிப்பதும் பறிமுதல் செய்வதும் வழக்கமாகிவிட்டது. அப்புறம் அந்தப் பெண்களே சங்கம் சேர்ந்து, மாதத்தில் 12 நாள் மட்டும் கடலில் இறங்குவது, இரும்புச் சுரண்டியை விட்டுவிட்டுக் கையால் பறிப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். 2015-ல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி விருது சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்குக் கிடைத்தது இதற்காகத்தான். உலகம் மெச்சிய அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பூங்காச் சட்டத்தில் இடமே இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

இரண்டாவது, பாதுகாப்பகம். 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடலை ஆவுளியாவுக்கான பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கடற்பசு என்று பாடப்புத்தகத்தில் வரும் விலங்குதான் ஆவுளியா. இந்த வகை, 2002-ல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியபோது வந்தது. கரையோர மக்களைக் கலந்தாலோசித்துத்தான் அறிவிக்க வேண்டும், நிர்வாகக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், ஏற்கெனவே இருக்கும் மீன்பிடி உரிமை அப்படியே தொடரும்.

உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டு என்ன பாதுகாப்பு என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆவுளியா எப்படி வாழ்கிறது, எப்படிச் சாகிறது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். ஆழம் குறைந்த கடலில் கடற்புல்லை ஒரு நாளைக்கு 30 கிலோ அளவுக்கு மேய்கிற விலங்கு அது, மேய்ந்த இடத்தில் தரையில் நீளமாகத் தடம் தெரியும். சில நிமிஷத்துக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். வலையில் சிக்கினால் மேலே வர முடியாது, மூச்சுமுட்டிச் செத்துவிடும். மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும் என்பதால் ஒவ்வொரு சாவும் பெரிய இழப்பு. ஆக, வலையில் ஆவுளியா மாட்டிய அந்த நேரத்தில் அங்கே இருப்பவர் மீனவர் மட்டும்தான். அவர் தன் வலையை அறுத்து அதை விடுவித்தால் பிழைக்கும், இல்லையென்றால் இல்லை. எந்த ரோந்துப் படகும் அந்த நேரத்துக்கு வந்து சேராது. அப்படி விட்ட மீனவர்களுக்கு வனத்துறை பணமும் பாராட்டும் கொடுக்கிறது. பூங்கா மாதிரி விரட்டியிருந்தால் யார் சொல்லப்போகிறார்கள்? சத்தமில்லாமல் வெட்டிப் புதைத்துவிட்டுப் போவார்கள். இந்த விலங்குக்கு இதுதான் சரியான வழி என்று நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் இதற்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. கடற்புல்லை வேரோடு பெயர்ப்பது, விசைப்படகுகள் இழுக்க, கடல் தரையை உரசிக்கொண்டு போகும் இழுவை மடி என்ற வலை. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்று தமிழ்நாட்டின் 1983-ஆம் வருஷத்துக் கடல் மீன்பிடிச் சட்டமே சொல்கிறது. பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடும் இருக்கிறது. இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டை மடிக்குத் தடையும் இருக்கிறது. எல்லாம் இருந்தும் மடி புல் மேலேதான் போகிறது, நாட்டுப்படகுக்காரர்கள் வருஷக்கணக்காக இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருக்கிறார்கள்.

மூன்றாவது நிலத்தில். மதுரை மேலூர் பக்கம் அரிட்டாபட்டி, ஏழு குன்றுகள், ஏகப்பட்ட ஏரிகளும் சுனைகளும், லகர் வல்லூறு, தேவாங்கு, அலங்கு என்ற எறும்புத்தின்னி, சமணர் படுக்கை, தமிழி கல்வெட்டு என்று ஒரே ஊரில் இத்தனையும். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், சுமார் 193 ஹெக்டேர். 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் வரும் இந்த வகை ஊர்க்காரர்களின் வழக்கத்தில் கை வைக்காது, மூன்றிலும் மென்மையானது இதுதான்.

மென்மையானது என்பது எவ்வளவு ஆபத்து என்று இரண்டே வருஷத்தில் தெரிந்துவிட்டது. 2024 நவம்பரில் அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியை மத்திய அரசு ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஒதுக்கியது. பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்பு ஏலத்தைத் தடுக்கவில்லை. கிராம சபைத் தீர்மானங்கள், சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கமிருந்து மதுரைக்குத் திரண்டு போன ஆயிரக்கணக்கான சனம், இவைதான் தடுத்தன. அந்த மாதமே ஏலம் ரத்தானது. அறிவிப்பு வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை, அரசே இந்த இடத்தின் அருமையை எழுதிக் கொடுத்திருக்கிறது என்று காட்ட அது ஊர்க்காரர்களின் கையில் இருந்தது. ஆனால் வெறும் அறிவிப்பை நம்பி உட்கார்ந்திருந்தால் குன்று போயிருக்கும்.

இந்த இடத்தில் சிவகங்கை வேட்டங்குடியைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1977-ல் அது பறவைகள் சரணாலயம் ஆனது, ஆனால் கொள்ளுக்குடிப்பட்டியும் வேட்டங்குடியும் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பது சட்டத்துக்காக இல்லை, கண்மாய்க்கு வரும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் மிரண்டுவிடும் என்பதற்காக. நான்காவது வழி என்று இதைச் சட்டத்தில் எழுத முடியாது, ஆனால் இது இல்லாத இடத்தில் மற்ற மூன்றும் தள்ளாடுகின்றன.

அதனால் என் தேர்வு இடத்தைப் பொறுத்து மாறும். ஆவுளியாவுக்குப் பாதுகாப்பகம். அரிட்டாபட்டி போன்ற குன்றுக்குப் பாரம்பரியத் தலம், கூடவே சுரங்கத் தொகுதிகளின் பட்டியலிலிருந்தே அந்த இடத்தை நீக்கும் உத்தரவும். பவளத்துக்குக் கறாரான பூங்காதான் வேண்டும், ஆனால் அது இன்றைய வடிவில் வேண்டாம். கடல் சூடேறி 2010-லும் 2016-லும் பவளம் வெளுத்தபோது எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. அப்படி அடி வாங்கிய பாறை தேறி வர, மற்ற தொல்லைகளாவது குறைய வேண்டும். அதற்குப் பாசிப் பெண்களின் 12 நாள் கட்டுப்பாட்டை எழுத்தில் அங்கீகரித்து அவர்களை உள்ளே விடுங்கள், அவர்களைத் துரத்தச் செலவாகும் டீசலில் ராத்திரி 3 மைல் எல்லையில் ரோந்துப் படகை நிறுத்துங்கள்.